முதல் தண்ணியைக் கீழே ஊத்து!

மரச்சீனிக் கிழங்கு வேகும்போது அடுக்களையில் கிளம்பும் வாசனை தெரியுமா உங்களுக்கு? தெரியாதென்றால், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு மழைக்கால சாயங்காலத்தைக்கூட நீங்கள் கழித்ததில்லை என்று அர்த்தம்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு அது மரவள்ளி, குச்சிக்கிழங்கு. மலையாளத்தில் கப்பை. எங்களுக்கு மரச்சீனி.

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஆச்சி வீடு. பள்ளிக்கூட லீவுக்குப் போனால் வாரத்தில் நாலு நாள் சாயங்காலம் கிழங்குதான். ஆச்சி தோலை உரித்து, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, சருவம் நிறையப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, அடுப்பில் ஏற்றுவாள். நன்றாகக் கொதித்து வெந்ததும், இரண்டு பக்கமும் துணியைப் பிடித்து சருவத்தைத் தூக்கி, அந்தத் தண்ணீர் முழுவதையும் புறவாசலில் கொட்டுவாள்.

“லே மக்ளே, தள்ளி நில்லு. மொதத் தண்ணி வெசமாக்கும். கோழிகூடக் குடிக்கக் கூடாது.”

“ஏன் ஆச்சி, அப்ப கிழங்கு விஷம் இல்லையா?”

“தண்ணிய ஊத்துனா கிழங்கு. ஊத்தலேன்னா வெசம். எங்க மாமியா ஊத்துனா, நானும் ஊத்துகேன். போ அங்கிட்டு.”

அவ்வளவுதான் விளக்கம். அதன் பிறகு உப்பு, மஞ்சள், தேங்காய், பச்சைமிளகாய் எல்லாம் சேர்ந்து கிழங்கு மசிந்து வரும். பக்கத்தில் சாளை மீன் குழம்பு. தட்டில் விழுந்ததும் கையை வைத்தால் அடுத்த அதட்டல். “சூடு ஆறட்டும்லே. வாய் வெந்து போவும்!”

ஒரு கிழங்கு, ஒரு நெருப்பு, ஒரு தண்ணீர். இதில் என்ன பெரிய சரித்திரம் இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் படித்தது பி.காம். பற்று, வரவு தெரியும். கெமிஸ்ட்ரி பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் ஆச்சி சொல்லாமல் விட்ட அந்த ‘ஏன்’ ரொம்ப நாள் தொண்டையில் நின்றது. அதைத் தேடிக்கொண்டு போனால்... பிரேசில், திருவனந்தபுரம், பாரிஸ், மொசாம்பிக் என்று உலகத்தையே ஒரு சுற்று சுற்ற வேண்டியதாயிற்று!

*

முதலில் கிழங்கின் ஜாதகம்.

மரச்சீனி நம் ஊர்ச் செடி இல்லை. தென் அமெரிக்காவில் பல ஆயிரம் வருடங்களாகப் பழங்குடி மக்கள் பயிர் செய்து வந்தது. பிரேசிலைப் பிடித்த போர்ச்சுகீசியர்கள் அதைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். 17-ம் நூற்றாண்டு வாக்கில் அவர்கள் மூலமாகவே மலபார் கரையிலும் இறங்கியது என்கிறார்கள். மிளகாய், முந்திரி, அன்னாசி எல்லாம் வந்த அதே வழி.

வந்தது சரி. ஆனால் இரண்டு நூற்றாண்டு காலம் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ‘தின்றால் செத்துப்போவோம்’ என்ற பயம்! பயத்தில் நியாயமும் இருந்தது. சில ரகங்கள் உண்மையிலேயே கசக்கும். பக்குவம் தெரியாமல் தின்றால் ஆளையே காலி பண்ணும்.

இந்த இடத்தில் ஒரு மகாராஜா வருகிறார். விசாகம் திருநாள் ராமவர்மா. 1880 முதல் 1885 வரை, ஐந்தே வருடங்கள்தான் திருவிதாங்கூரை ஆண்டார். படிப்பாளி. செடி கொடிகளில் ஆர்வம் உள்ளவர். தன் நாட்டில் மக்கள்தொகை பெருகுகிறது, நெல் போதவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மேட்டு நிலத்தில், செம்மண்ணில், தண்ணீர் பாய்ச்சாமலே விளையும் ஒரு பயிரைத் தேடினார். மரச்சீனி கிடைத்தது. மலையடிவாரமெல்லாம் அது பரவ அவர் எடுத்த முயற்சிதான் காரணம் என்று திருவிதாங்கூர் சரித்திரம் அவருக்கு வரவு வைத்திருக்கிறது.

மக்களின் பயத்தைப் போக்க, மகாராஜா தன் சாப்பாட்டிலேயே கிழங்கை வேகவைத்துப் பரிமாறச் சொல்லி, எல்லோரும் பார்க்கத் தின்றார் என்று ஒரு கதை இன்றைக்கும் உலவுகிறது. நடந்ததோ இல்லையோ... விஷம் என்று பேர் எடுத்த ஒரு பொருளை ஊரார் வாயில் வைக்க யாரோ ஒருவர் முதலில் தின்று காட்டத்தான் வேண்டியிருந்திருக்கும்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரின் தென்கோடி. 1956 நவம்பர் 1-ம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இதில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள்தான் பழைய நாஞ்சில் நாடு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர். 1906-ல் பேச்சிப்பாறை அணை வந்த பிறகு வயல்களுக்கு இன்னும் தெம்பு. மேற்கே கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் மேடும் பள்ளமுமான பூமி. அங்கேதான் மரச்சீனி வேர் பிடித்தது.

ஆக, ஒரே சீமைக்குள் இரண்டு தட்டு. வயல்காட்டில் சோறு. மேட்டுக்காட்டில் கிழங்கு. சோறு தின்கிறவன் ஒரு படி மேலே, கிழங்கு தின்கிறவன் ஒரு படி கீழே என்று ஒரு எழுதாத சட்டமும் கூடவே வளர்ந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வருகிறேன்.

*

சோறோ கிழங்கோ, இரண்டிலும் சரக்கு ஒன்றுதான். ஸ்டார்ச். அதாவது மாவுச்சத்து.

மாவுச்சத்து என்பது என்ன? ஆயிரக்கணக்கான சர்க்கரைத் துணுக்குகள் பூக்களைப் போலத் தொடுத்த மாலை. உடம்புக்கு மாலை வேண்டாம், உதிரிப் பூதான் வேண்டும். மாலையை வெட்டிப் பிரிக்க ஒரு கத்திரிக்கோல் தேவை. அந்தக் கத்திரிக்கோலைக் கண்டுபிடித்த கதைக்குள் நெப்போலியனும் இருக்கிறார்.

1806-ல் பிரிட்டிஷ் சரக்கு எதுவும் ஐரோப்பாவுக்குள் வரக்கூடாது என்று நெப்போலியன் தடை போட்டார். கடல் பிரிட்டன் கையில். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புச் சர்க்கரை வரத்து நின்றது. சர்க்கரைக்கு மாற்று தேடி எல்லா ரசாயனக்காரர்களும் அலைந்தார்கள். ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருந்துக் கலவை செய்துகொண்டிருந்த கிர்ச்சாஃப் என்ற ஜெர்மானியர், 1811-ல் மாவுச்சத்தை நீர்த்த கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்தார். இனிப்புப் பாகு வந்தது!

அமிலம் ஊற்றிக் கொதிக்க வைத்தால் பிரிகிறது, சரி. நம் வயிற்றில் யார் அடுப்பு மூட்டிக் கொதிக்க வைக்கிறார்கள்? அதே கிர்ச்சாஃப் சில வருடங்களில் இன்னொன்று பார்த்தார். முளைவிட்ட தானியத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் மாவுச்சத்தோடு கலந்து வைத்தாலே போதும். அமிலம் இல்லாமலே சர்க்கரை ஆகிறது.

1831-ல் லாய்க்ஸ் என்ற ஜெர்மானியர், நம்முடைய எச்சிலும் அதே வேலையைச் செய்கிறது என்று காட்டினார். ஆமாம், சாதாரண எச்சில்!

1833-ல் பாரிஸில் இரண்டு பேர். அன்செல்ம் பாயன், ழான் பிரான்சுவா பெர்சோ. பாயன் சர்க்கரை ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. முளைவிட்ட பார்லியை அரைத்து, வடித்து, அதில் ஆல்கஹால் ஊற்றினார்கள். வெள்ளையாக ஒரு பொடி அடியில் படிந்தது. அந்தப் பொடியைக் கொஞ்சம் எடுத்து மாவுக்கஞ்சியில் போட்டால், தன் எடையைப்போல் பல நூறு மடங்கு மாவைக் கரைத்துத் தள்ளியது. ‘டயாஸ்டேஸ்’ என்று பேர் வைத்தார்கள். பிரிப்பது என்று கிரேக்கத்தில் அர்த்தம். மனிதன் தனியாகப் பிரித்தெடுத்த முதல் நொதி, அதாவது முதல் என்ஸைம், அதுதான். இன்றைக்கு அந்த வகைக்கு ‘அமைலேஸ்’ என்று பொதுப்பெயர். என்ஸைம்களின் பெயரெல்லாம் ‘ஏஸ்’ என்று முடிகிறதே... அந்த வால் வந்ததே டயாஸ்டேஸிலிருந்துதான்.

பாயனும் பெர்சோவும் கவனித்த இன்னொரு விஷயம்தான் நமக்கு முக்கியம். அந்தப் பொடி நல்ல சூட்டில் வேகமாக வேலை செய்தது. ஆனால் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோனால்... முடிந்தது கதை. அப்புறம் ஆற வைத்தாலும் உயிர் வரவில்லை.

*

இதை நீங்களே பள்ளி லேபில் பார்த்திருப்பீர்கள். மூன்று டெஸ்ட் டியூப். மூன்றிலும் நீர்த்த மாவுக்கஞ்சி. எல்லாவற்றிலும் கொஞ்சம் எச்சில். (பையன்கள் இந்தக் கட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பது வழக்கம்.) ஒன்று ஐஸ் தண்ணீரில். ஒன்று உடம்புச் சூடான 37 டிகிரியில். மூன்றாவதில் மட்டும் எச்சிலைக் கொதிக்க வைத்துச் சேர்க்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து ஒவ்வொன்றிலும் அயோடின் ஒரு சொட்டு. மாவுச்சத்து இருந்தால் கருநீலம் காட்டும்.

நடு டியூபில் நீலம் வராது. மாவு போயே போய்விட்டது. ஐஸ் டியூபில் நீலம். கொதித்த எச்சில் டியூபிலும் நீலம்.

சரி, ஐஸும் கொதிப்பும் ஒன்றுதானா? இல்லை. ஐஸ் டியூபை வெளியே எடுத்துக் கைச்சூட்டில் வையுங்கள். சோம்பல் முறித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிடும். கொதித்தது ஆரம்பிக்காது. குளிர் தூக்கம், கொதிப்பு மரணம்!

காரணம் எளிது. என்ஸைம் என்பது ஒரு புரதம். நூல்கண்டு மாதிரி ஒரு குறிப்பிட்ட விதத்தில் மடிந்து சுருண்டு இருக்கும். அந்த மடிப்பில்தான் கத்திரியின் வாய் இருக்கிறது. சூடு கொஞ்சம் ஏறினால் துணுக்குகள் வேகமாக ஓடும், கத்திரி வேகமாக வெட்டும். பொதுவாக 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் ஓர் எல்லை தாண்டினால் மடிப்பே கலைந்துவிடும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் கெட்டியாகிறதே, அதுபோல. வெந்த முட்டையை ஃப்ரிட்ஜில் வைத்தால் பச்சை முட்டை ஆகுமா?

எல்லை எல்லா என்ஸைமுக்கும் ஒன்றில்லை. நம் எச்சிலில் இருப்பதற்கு உடம்புச் சூடுதான் சுகம். முளைவிட்ட தானியத்தில் இருப்பது 65 டிகிரி வரைக்கும் தாக்குப்பிடிக்கும். பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் என்ற பாக்டீரியாவின் அமைலேஸ் இருக்கிறது பாருங்கள், அது 100 டிகிரியைத் தொட்டாலும் அசராது. மாவிலிருந்து குளுக்கோஸ் எடுக்கும் ஆலைகள் அந்தக் கெட்டிக்காரனைத்தான் வேலைக்கு வைத்திருக்கின்றன.

வீட்டுக்கு உபயோகமான ஒன்றும் இதில் உண்டு. முளைகட்டிய கேழ்வரகு மாவு. குழந்தைக்குக் காய்ச்சிய கெட்டிக் கஞ்சியை இறக்கி, சற்றே ஆறிய பிறகு இதில் ஒரு சின்ன ஸ்பூன் போட்டுக் கிளறினால் கஞ்சி நீர்த்துவிடும். சத்து குறையாது, குழந்தை கூடுதலாகக் குடிக்கும். 1980-களில் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸும் அவருடைய குழுவினரும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். தளதளவென்று கொதிக்கும்போதே போட்டு விட்டால்? பிரயோஜனமில்லை. பாயன் 1833-ல் பார்த்த அதே கதை.

இப்போது ஆச்சியின் அடுக்களைக்கு வருவோம். அமைலேஸுக்கு சூடு ஆகாது என்றால் கிழங்கைப் பச்சையாகவே தின்றுவிடலாமே? முடியாது. பச்சைக் கிழங்கில் மாவுச்சத்து இறுக்கமான மணிகளாக அடைந்து கிடக்கிறது. கத்திரி உள்ளே நுழைய வழி குறைவு. தண்ணீரில் போட்டு 60, 70 டிகிரி தாண்டினால் மணிகள் தண்ணீரைக் குடித்து, ஊதி, உடைந்து கஞ்சியாகின்றன. அப்போதுதான் கத்திரிக்கு இடம் கிடைக்கிறது.

சிக்கலைப் பார்த்தீர்களா? மாவு திறக்க நெருப்பு வேண்டும். திறந்த மாவை வெட்டுகிற ஆளுக்கோ நெருப்பே ஆகாது. தீர்வு, வரிசை. முதலில் வேக வை. பிறகு ஆற விடு. அப்புறம் வாயில் வை. மனிதன் நெருப்பைப் பழக்கிய நாளிலிருந்து செய்துவரும் ஏற்பாடு இது. ‘சூடு ஆறட்டும்லே’ என்று ஆச்சி அதட்டியது வாய் வேகாமல் இருக்கத்தான். ஆனால் எச்சிலுக்கும் அதுதான் சௌகரியம்.

*

அந்த முதல் தண்ணீர்?

மரச்சீனிக்குள் இன்னொரு என்ஸைம் இருக்கிறது. இது மாவை வெட்டுவதில்லை, விஷத்தை அவிழ்க்கிறது. கிழங்கின் செல்களுக்குள் லினமரின் என்று ஒரு பொருள். அது தனியாக இருக்கிறது. அதை உடைக்கும் லினமரேஸ் என்ற என்ஸைம் செல்லின் சுவரில், வேறு அறையில் இருக்கிறது. எலியோ பன்றியோ கிழங்கைக் கடித்தால் அறைகள் உடையும். இரண்டும் சந்திக்கும். சயனைடு வெளிப்படும்! தன்னைத் தின்ன வருகிறவனுக்குச் செடி வைத்த வெடி.

மனிதன் அந்த வெடியையே தனக்குச் சாதகமாகத் திருப்பினான். துண்டு துண்டாக வெட்டி வைத்தால் என்ஸைம் லினமரினை உடைக்கும். கிளம்பும் ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் சரக்கு. நம் ஊர் வெயிலே அதற்குப் போதும். ஆனால் கிழங்கைக் கொதிநீரில் சட்டென்று போட்டால் என்ன ஆகும்? அமைலேஸுக்கு நேர்ந்த கதிதான் லினமரேஸுக்கும். செத்துவிடும். உடைக்க ஆள் இல்லாமல் லினமரின் அப்படியே தங்கிவிடும். நல்லவேளை, அது தண்ணீரில் கரையும். துண்டிலிருந்து இறங்கிக் கொதிநீரில் கலக்கும்.

அந்தத் தண்ணீரைத்தான் ஆச்சி புறவாசலில் ஊற்றினாள்.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-ல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இதையெல்லாம் அளந்தே பார்த்திருக்கிறது. துண்டு சின்னதாக இருக்க வேண்டும். தண்ணீர் நிறைய வேண்டும். வடித்துக் கொட்ட வேண்டும். ஆச்சி பச்சைத் தண்ணீரில் ஆரம்பித்தாளே, அதிலும் விஷயம் இருக்கிறது. சூடு மெல்ல ஏறும்போது, சாவதற்கு முன்னால் லினமரேஸ் கொஞ்ச நேரம் மும்முரமாக வேலை பார்த்துவிடுகிறது. ஆச்சிக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. ‘மாமியா ஊத்துனா’ என்பது மட்டும் தெரியும்.

மாமியார் சொல்வதைக் கேட்க முடியாமல் போனால் என்ன ஆகும்? அதற்கும் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது. 1981. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக். நம்புலா மாகாணத்தில் கடும் வறட்சி. மற்ற பயிரெல்லாம் கருகி, கசப்பு மரவள்ளி மட்டும் மிஞ்சியது. அதை உரித்து, வெயிலில் வாரக்கணக்கில் காயவைத்துப் பக்குவம் செய்வது அவர்கள் வழக்கம். பசி பொறுக்கவில்லை. பக்குவத்தைச் சுருக்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கால்கள் விறைத்துப்போயின. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். ஒரே நாளில் வந்து, வாழ்நாள் முழுக்கப் போகாத முடக்கம். மருத்துவ உலகம் இதற்குக் ‘கோன்சோ’ என்று பெயர் வைத்திருக்கிறது. கூடவே புரதம் இல்லாத சாப்பாடு. சயனைடை உடம்பு செயலிழக்க வைக்க கந்தகம் உள்ள புரதச் சத்து வேண்டும். மீனில், பயறில் இருப்பது. அதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கிழங்குக்குப் பக்கத்தில் சாளைக் குழம்பு ஏன் என்று இப்போது புரிகிறதா?

*

நம் ஊருக்கும் அப்படி ஒரு காலம் வந்தது.

திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியில் பாதியைக்கூட விளைவித்ததில்லை. மீதிக்குக் கப்பல்தான். முக்கியமாக பர்மா அரிசி. 1942 மார்ச் 8-ம் தேதி ரங்கூன் ஜப்பான் கையில் விழுந்தது. கப்பல் நின்றது. காமர்ஸ் வகுப்பில் சொல்வார்களே, ஒரே சப்ளையரை நம்பாதே என்று... ஒரு நாடே அதைச் செய்திருந்தது.

வங்காளப் பஞ்சத்தைப் பற்றி உலகம் பேசுகிறது. பேசத்தான் வேண்டும். லட்சக்கணக்கில் செத்தார்கள். அதே காலத்தில் திருவிதாங்கூரும் பட்டினியில் கிடந்தது. இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த கே.ஜி. சிவசாமி 1943-44-ம் ஆண்டுகளின் திருவிதாங்கூர் உணவுப் பஞ்சத்தையும் சத்துக் குறைவு நோய்களையும் பற்றி 1945-ல் ஒரு அறிக்கையே வெளியிட்டார். அதைப் படித்தவர்கள், பேசுகிறவர்கள் குறைவு.

ஆச்சி பிறந்தது பூதப்பாண்டிப் பக்கம். சுற்றிலும் வயல். ஆனால் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. அறுப்புக்குப் போனால் கூலி நெல். அந்த யுத்த காலத்தில் அவளுக்குப் பதினாலு, பதினைந்து வயது.

“நெல்லு கண்ணு முன்னால கெடக்கும் மக்ளே. ஆனா நமக்கு இல்ல. ரேஷன்ல அளந்து தருவானுவ. அது ரெண்டு நாளைக்குக் காணாது. எங்க ஐயா மேக்க நடந்து போயி கெழங்கு செமந்துட்டு வருவாரு. அத வச்சுத்தான் கெடந்தோம்.”

மேற்கே என்றால் கல்குளம், விளவங்கோடு. கீழ்ப்படி என்று சொன்னேனே, அந்த மேட்டுக்காடு. நெற்களஞ்சியத்தின் பிள்ளைகளுக்கு அந்த வருடங்களில் சோறு போட்டது அந்த மேட்டுக்காடுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. கிழங்கு உயிரைப் பிடித்து நிறுத்தியது, உடம்பைத் தேற்றவில்லை. அரிசியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 7 கிராம் புரதம். பச்சைக் கிழங்கில் ஒன்றரை கிராம்கூட இல்லை. மாவுச்சத்து வயிற்றை நிரப்பும். அமைலேஸ் அதைச் சர்க்கரையாக்கி நடக்க வைக்கும். சதை வைக்காது. கடற்கரைப் பக்கம் மீன் கிடைத்தவர்கள் தப்பினார்கள். மீனும் வாங்க முடியாதவர்களுக்குக் கால் வீங்கியது. ஆச்சியின் தம்பி ஒருவன் அப்படித்தான் போனான். அவனைப் பற்றி அவள் ஒரே ஒரு முறைதான் பேசினாள். “அவனுக்குக் கெழங்குதான் குடுத்தோம். மீனு இல்ல.” அவ்வளவுதான்.

*

கல்யாணமாகி அதே மேட்டுக்காட்டுக்குத்தான் ஆச்சி வந்தாள். அங்கேதான் மாமியாரிடம் முதல் தண்ணீரைக் கொட்டக் கற்றாள்.

ஆனால் ஒரு விஷயம். பூதப்பாண்டியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால், கிழங்குச் சருவத்தின் மேல் தட்டைப் போட்டு மூடி, மூலைக்குத் தள்ளிவிடுவாள். அவசரமாக உலை வைத்து அரிசி போடுவாள். “விருந்தாளிக்குக் கெழங்கு வைக்கக் கூடாது மக்ளே. நம்மள என்ன நெனப்பாவ?” உயிர் கொடுத்த சாப்பாட்டை ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. பற்றுப் பக்கம் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, வரவுப் பக்கத்தைக் காலியாக விட்ட கணக்கு இது.

காலம் மாறிவிட்டது. மலையடிவாரத்தில் மரச்சீனி நின்ற பல இடங்களில் ரப்பர் நிற்கிறது. டூரிஸ்ட் ஓட்டல்களில் கிழங்கும் மீன்கறியும் வாழையிலையில் வந்து, பில் வேறு கனமாக வருகிறது. இன்னொரு வேடிக்கை. வேகவைத்து நன்றாகக் குளிரவைத்த மாவுச்சத்து மறுபடி கொஞ்சம் இறுகிக்கொள்ளும். அதில் ஒரு பகுதியை அமைலேஸால் வெட்ட முடியாது என்று கண்டார்கள். 1982-ல் ஹான்ஸ் எங்லிஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் அதற்கு ‘எதிர்ப்பு மாவுச்சத்து’ என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார். சர்க்கரை மெதுவாக ஏறும், குடலில் நல்ல பாக்டீரியாக்களுக்குத் தீனி என்கிறார்கள். அன்றைக்குப் பசிக்கு ஒரு துளி மாவும் வீணாகாமல் செரிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு செரிக்காத மாவைத் தேடுகிறோம். அதற்காகப் பழையதைக் கண்டால் சர்க்கரை நோயாளிகள் பாய வேண்டாம். அளவு அளவுதான். டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன மாதம் சென்னையில் என் வீட்டில் கிழங்கு. அடுப்பில் சருவம் இல்லை, குக்கர். இரண்டு விசில். மூடியைத் திறந்ததும் நான் தண்ணீரை வடித்துக் கொட்டினேன். பக்கத்தில் நின்ற மகள் கேட்டாள்.

“ஏன்ப்பா அதைக் கொட்டுற? சத்தெல்லாம் போயிடாதா?”

ஆச்சியிடம் நான் கேட்ட அதே ‘ஏன்’. இந்த முறை பதில் என்னிடம் இருந்தது. குக்கரில் சூடு விறுவிறுவென்று ஏறுகிறது, அந்த என்ஸைமுக்கு வேலை செய்யவே நேரம் கிடையாது, அதனால் வடிப்பது இன்னும் அவசியம் என்று ஆரம்பித்து, பாயன், பெர்சோ, விசாகம் திருநாள் என்று ஒரு அரைமணி நேரம் பேசினேன். பாவம், பொறுமையாகக் கேட்டாள்.

கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான். “இதெல்லாம் உங்க ஆச்சி சொன்னாங்களா?”

இல்லை. ஆச்சி தண்ணீரை மட்டும்தான் கொட்டினாள். அதனால்தான் நான் இருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.